ஒரே பக்கத்துல புதுத் தமிழ் நிக்குது, பழைய தமிழும் பர்மாவும் உடையுது – வெப் பழகுறவங்க யாராவது சொல்லுங்க

மௌல்மீன் ஜெராக்ஸ் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பர்மாவில மௌல்மீன்ல ஜெராக்ஸ், டைப்பிங் கடை வச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கார்டு, கோயில் நோட்டீஸ், ஆபீசுக்குப் போற மனு எல்லாம் என் கையில அடிபட்டுத்தான் போகும். தமிழும் அடிப்பேன், பர்மா மொழியும் அடிப்பேன். இப்போ மத்தியானம் கூட்டம் குறையுற நேரத்துல வெப் பக்கம் போடுற எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் பழகுறேன். வகுப்புக்கெல்லாம் போகல. இறக்கி வச்ச வீடியோதான் வாத்தியார், கரண்ட் இருந்தா பாடம்.

கோயில்ல சாயங்காலத் தமிழ் வகுப்பு நடக்குது. அதுக்கும் பங்குனித் திருவிழாவுக்கும் சேர்த்து ஒரு சின்ன வெப் பக்கம் போட்டுத் தரச் சொன்னாங்க. பழைய நோட்டீஸெல்லாம் கம்ப்யூட்டர்ல கிடக்கு, அதுல இருந்தே எடுத்து ஒட்டினேன். இப்போ பக்கம் இப்படி நிக்குது:

மேல, நான் போன்லயே புதுசா அடிச்ச தமிழ். இது யார் போன்ல பார்த்தாலும் சரியா இருக்கு.

நடுவுல, பேஜ்மேக்கர்ல பாமினி ஃபான்ட்ல அடிச்சு வச்சிருந்த தமிழ். இது இங்கிலீஷ் எழுத்தாக் கொட்டுது. அம்மாங்கிற இடத்துல எம், கே, செமிகோலன், கே, எச். அம்மனைப் பத்தின நோட்டீஸ்ல எத்தனை அம்மா வரும்னு நீங்களே பார்த்துக்குங்க.

கீழ, 2016 வாக்குல அடிச்ச பர்மா நோட்டீஸ். கடைக் கம்ப்யூட்டர்ல, அது விண்டோஸ் 7, அச்சு அசலா இருக்கு. மகன் போன்ல திறந்தா எழுத்தெல்லாம் பர்மா எழுத்துதான், ஆனா ஒண்ணுக்கொண்ணு இடம் மாறிக் கிடக்கு, நடுநடுவுல புள்ளி வச்ச வட்டம் வேற.

எழுத்தை எப்படிப் படிக்கணும்னு பிரவுசருக்குச் சொல்ற மெட்டா சார்செட் யூடிஎஃப்-8 வரியைப் போட்டாத் தீரும்னு வீடியோவில சொன்னான். போட்டேன். ஒரு எழுத்துகூட அசையல. டிரஸ்டி ஐயா ஒருத்தர் "ஃபான்ட மாத்தும்மா"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கார். ஃபான்ட மாத்தினா சரியாகுமா? மொத்தத்தையும் திருப்பி அடின்னு மட்டும் சொல்லாதீங்க, வருஷக்கணக்கான நோட்டீஸ் அது.

பெகு ராஜா எழுதியது:

அக்கா, எதுக்கு இவ்வளவு பாடு? நோட்டீசை உங்க கம்ப்யூட்டர்லயே திறந்து படமா எடுத்து பக்கத்துல ஒட்டிடுங்க. எந்தப் போன்லயும் உடையாது. எங்க சங்கத்துல அப்படித்தான் போடுறோம்.

முகல் தெரு கம்பாசிட்டர் எழுதியது:

ராஜா தம்பி சொல்வது அவசரத்துக்கு உதவும். ஆனால் படத்தில் உள்ள போன் நம்பரை யாரும் தொட்டு அழைக்க முடியாது, கோயில் பெயரைத் தேடினால் கூகுளுக்கும் கிடைக்காது, கண் மங்கிய பெரியவர் எழுத்தை மட்டும் பெரிதாக்கிப் படிக்கவும் முடியாது. நோட்டீஸ் ஒட்டுவதற்கு வெப் படிக்க வேண்டாமே, சுவர் போதும்.

தங்கச்சி, ஃபான்டை மாற்றினால் தீராது. சார்செட் மீதும் பழி இல்லை. உங்கள் பாமினியும் பர்மாவும் தனித்தனிக் கோளாறு, தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைச் சேமிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று உலகம் முழுவதற்கும் ஒப்புக்கொண்ட பட்டியல்தான் யூனிகோட். ஃபான்ட் அந்த எண்ணைப் பார்த்துப் படம் வரைகிறது, அவ்வளவே அதன் வேலை. நீங்கள் போனில் அடித்த தமிழ் அந்தப் பட்டியல்படி இருக்கிறது. அதனால் எங்கும் நிற்கிறது.

பாமினி வேறு கதை. யூனிகோட் பரவாத காலத்தில் ஆங்கில எழுத்தின் எண்களையே வைத்துக்கொண்டு, ஃபான்டில் மட்டும் தமிழ்ப் படங்களை வரைந்து வைத்தார்கள். உங்கள் ஃபைலுக்குள் இருப்பது நிஜமாகவே எம், கே, செமிகோலன்தான். ஃபான்டின் மறைப்பை எடுத்ததும் உள்ளே இருந்தது வெளியே தெரிகிறது.

பர்மா நோட்டீஸ் ஜோஜி என்ற பழைய பர்மிய ஃபான்டில் அடித்தது. இதுதான் மூன்றிலும் விவகாரமானது. ஜோஜி ஆங்கில எண்ணைக் கடன் வாங்கவில்லை, பர்மியத்துக்கென்று யூனிகோட் ஒதுக்கிய எண்களிலேயே உட்கார்ந்துகொண்டு, அவற்றில் பலவற்றுக்குத் தன் இஷ்டத்துக்கு வேறு பொருள் வைத்துக்கொண்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன். 103ஏ என்ற எண் யூனிகோடில் 'அதத்', அதாவது நம் புள்ளி மாதிரி மெய்யாக்கும் குறி. ஜோஜியில் அதே எண் 'யபின்', அதாவது மெய்யோடு ஒட்டும் யகரக் குறி. இரண்டு பேரும் ஒரே எண்ணைச் சொல்கிறார்கள், பொருள் வேறு. இதில் நீங்கள் யூடிஎஃப்-8 என்று அறிவித்தால் பிரவுசருக்கு என்ன புதிதாகத் தெரிந்துவிடும்? எண்ணை அது சரியாகத்தான் படிக்கிறது.

இன்னொரு வேறுபாடு வரிசை. நான் ஈய எழுத்துக் கோத்தவன். 'கெ' கோப்பதென்றால் கேஸிலிருந்து முதலில் கொம்பை எடுத்து ஸ்டிக்கில் வைப்பேன், பிறகுதான் ககரம். கண்ணுக்குத் தெரியும் வரிசை அதுதான். பாமினியும், டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீடும் அப்படியே கொம்பை முன்னால் சேமித்தன. பர்மாவில் நம் கொம்பு மாதிரியே எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கிற 'தவேடோ'வை ஜோஜியும் முன்னால் சேமித்தது. யூனிகோடோ உச்சரிப்பு வரிசையைப் பிடித்துக்கொண்டது: முதலில் மெய், பிறகு குறி, திரையில் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது ஃபான்டின் பாடு. உங்கள் மகன் போன், முன்னால் வந்து நிற்கும் குறிக்கு முந்தைய எழுத்தைத் தேடுகிறது. கிடைக்காதபோது புள்ளி வட்டத்தைப் போட்டுக் குறியை அதன் மேல் ஏற்றுகிறது.

இவ்வளவு பேர் ஏன் ஜோஜியில் மாட்டினோம் என்றால், பர்மிய எழுத்துக்கு யூனிகோட் முழுமையாக வந்து சேர்ந்ததே 2008இல், 5.1 பதிப்பில். அதற்குள் ஜோஜி பரவிவிட்டது. 2014இல் சிம் கார்டு 1,500 சாட்டுக்கு இறங்கியது. அதுவரை கம்ப்யூட்டரையே தொடாதவர்கள் நேராகப் போனில் இன்டர்நெட்டுக்கு வந்தார்கள், இங்கே விற்ற போன்களில் ஜோஜி ஏற்கனவே ஏற்றியிருந்தது. நாட்டுக்கே அதுதான் எழுத்தாகிப் போனது. 2019 அக்டோபர் 1ஆம் தேதிதான் யூனிகோடுக்கு மாறும் நாள் என்று அரசாங்கம் வைத்தது. உங்கள் நோட்டீஸ் அதற்கு முந்தையது, மகன் போன் பிந்தையது என்று நினைக்கிறேன்.

ஆகவே திருப்பி அடிக்க வேண்டாம், மாற்ற வேண்டும். அதற்கான கருவிகளைத் தட்டோன் தம்பி நன்றாகச் சொல்வார்.

தட்டோன் தம்பி எழுதியது:

ஐயா சொன்னதுக்கு மேல பெருசா ஒண்ணுமில்ல. அக்கா, வேலையை இப்படிச் செய்யுங்க.

பழைய ஃபைல் எதையும் தொடாதீங்க, காப்பி எடுத்து அதுல மாத்துங்க. பாமினிக்கு என்எச்எம் கன்வெர்ட்டர் இருக்கு, விண்டோஸ் 7லயே ஓடும், நெட் வேண்டாம். ஒரே ஒரு தொல்லை: நோட்டீஸ்ல நடுவுல இங்கிலீஷ் சொல் இருந்தா அதையும் பாமினின்னு நெனச்சுத் தமிழாக்கி வச்சிடும். கன்வெர்ட்டருக்குத் தெரிஞ்சது எண் மட்டும்தான், எந்தச் சொல் எந்த ஃபான்ட்ல இருந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது. அதனால தமிழ்ப் பத்தியை மட்டும் தனியா வெட்டிக் குடுங்க.

ஜோஜிக்கு ராபிட் கன்வெர்ட்டர். ஆனா மாத்துறதுக்கு முன்னாடி அது ஜோஜிதானான்னு உறுதி பண்ணிக்குங்க. ஏற்கனவே யூனிகோட்ல இருக்கிறதை இன்னொரு தரம் மாத்தினா கெட்டுப் போகும். 2019க்கு அப்புறம் அடிச்சது கலந்து கிடந்தா கண்ணால பிரிக்கிறது கஷ்டம். கூகுள் வெளியிட்ட மியான்மர் டூல்ஸ்னு ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி இருக்கு. பத்தியைக் குடுத்தா பூஜ்யத்துக்கும் ஒண்ணுக்கும் நடுவுல ஒரு எண் சொல்லும். ஒண்ணை ஒட்டி இருந்தா ஜோஜி, பூஜ்யத்தை ஒட்டி இருந்தா யூனிகோட். ஒத்தைச் சொல்லைக் குடுத்துக் கேக்காதீங்க, சின்னச் சொல் பல ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கும். பத்தியாக் குடுங்க.

இப்பவே சொல்லி வச்சிடுறேன்: மாத்தி முடிச்சதும் யூனிகோட் போன்லயெல்லாம் சரியாகும், உங்க கடைக் கம்ப்யூட்டர்லதான் உடையும். விண்டோஸ் 7க்குன்னு சொந்த பர்மா ஃபான்ட் கிடையாது, 8லதான் மியான்மர் டெக்ஸ்ட் வந்துச்சு. உங்க மெஷின்ல பர்மான்னா அது ஜோஜி ஒண்ணைத்தான் எடுக்கும். பிடாங்சுங்கிற யூனிகோட் பர்மா ஃபான்டையும் ஏத்திட்டு, சிஎஸ்எஸ்ல ஃபான்ட் ஃபேமிலியில அதை முதல்ல எழுதுங்க. ஜோஜியை அழிச்சிடாதீங்க, பழைய பிரிண்ட் வேலைக்கு அது வேணும்.

சார்செட் பத்தி: அது தப்பாப் போனா எப்படி இருக்கும்னும் தெரிஞ்சுக்குங்க, ஒரு நாள் உதவும். தமிழ்ப் பக்கம் முழுக்க தலையில கோடு போட்ட இங்கிலீஷ் சின்ன ஏ, அடுத்து வட்டத்துக்குள்ள ஆர், திரும்ப அதே ஏன்னு வந்தா அதுதான் சார்செட் கோளாறு. யூடிஎஃப்-8ல ஒரு தமிழ் எழுத்து மூணு பைட், முதல் பைட் எல்லாத்துக்கும் ஒண்ணேதான், அதான் அந்த ஏ விடாம வருது. பர்மாவா இருந்தா ஏவுக்கு அடுத்து யூரோ காசுக் குறி வரும். கட்டம் கட்டமா வந்தா அது ஃபான்டே இல்லாத கேஸ். அப்போ மட்டும்தான் டிரஸ்டி ஐயா சொல்றது சரி.

மௌல்மீன் ஜெராக்ஸ் எழுதியது:

ஐயாவுக்கும் தம்பிக்கும் ரொம்ப நன்றி. பாமினி மாத்தியாச்சு. ஈமெயில் விலாசம் இருந்த வரி மட்டும் தம்பி சொன்ன மாதிரியே யாரோட மொழியும் இல்லாம வந்துச்சு, அதைக் கையால அடிச்சேன். பர்மாவும் மகன் போன்ல நேராயிடுச்சு. டிரஸ்டி ஐயாகிட்ட பிடாங்சு ஏத்தினதை மட்டும் சொன்னேன். ஃபான்ட மாத்தினதாலதான் சரியாச்சுன்னு அவருக்கு ஒரே சந்தோஷம்.

ஆனா பர்மாப் பத்தியில மேல ஏறி நிக்கிற எழுத்தும் கீழ தொங்குற எழுத்தும் வரிக்கு வரி முட்டுது. தமிழ் வரியில இந்தத் தொல்லை இல்ல.

அடுத்தது வகுப்புப் பதிவு ஃபாரம். வீடியோவில ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம், ஜிப் கோடுன்னு போட்டிருந்தான். முதல் நாளே ஒரு அம்மா வந்து "எங்களுக்கு லாஸ்ட் நேம்னு என்னத்தைப் போட"ன்னு கேட்டாங்க. பர்மாக்காரங்களுக்குக் குடும்பப் பேரே கிடையாது, நமக்கு இனிஷியல். இதுல பாதிப் பிள்ளைங்களுக்கு வீட்ல ஒரு தமிழ்ப் பேரு, ஸ்கூல் ரெஜிஸ்டர்ல ஒரு பர்மாப் பேரு. இன்னொரு கூத்து: பேருக்குப் பத்து எழுத்துன்னு மேக்ஸ்லெங்த் வச்சேன். சுப்பிரமணியன்னு அடிச்சா சுப்பிரமணியோட நின்னுடுது. எட்டே எழுத்துப் பேருங்க அது!

தட்டோன் தம்பி எழுதியது:

அக்கா, பேருக்கு நீங்க வாயால எண்ணுறீங்க, பிரவுசர் எண்களை எண்ணுது. சு-ங்கிறது நமக்கு ஒரு எழுத்து. அதுக்கு ச ஒண்ணு, உகரக் குறி ஒண்ணு, ஆக ரெண்டு. ப் அப்படியே, ப ஒண்ணு புள்ளி ஒண்ணு. இப்படிக் கூட்டினா சுப்பிரமணியன் மொத்தம் 13. பத்தாவது எண் ணி-யோட இகரம், அதான் அங்க கதவைச் சாத்திட்டான். 'தமிழ்'ங்கிற சொல்லோட லெங்த் என்னன்னு ஜாவாஸ்கிரிப்ட்ல கேட்டுப் பாருங்க, 5ன்னு சொல்லும்.

நாம எண்ணுற மாதிரியே எண்ண வைக்கணும்னா இன்டெல் செக்மென்டர்னு ஒண்ணு இருக்கு. பேர்ல இன்டெல்லுன்னு கேட்டாலும் சிப் கம்பெனி இல்ல, இன்டர்நேஷனல்ங்கிறதோட சுருக்கம். குரோம்ல 2020லயே இருக்கு, ஃபயர்ஃபாக்ஸ்ல 2024லதான் வந்துச்சு. ஆனா உங்க ஃபாரத்துக்கு அதெல்லாம் எதுக்கு? பேருக்கு அளவே வைக்காதீங்க. அளவு கண்டிப்பா வேணும்னா நூறு வைங்க. யாரும் நூறு எழுத்துல பேரு வைக்கப் போறதில்ல.

லாஸ்ட் நேம், ஜிப் கோடு ரெண்டையும் தூக்கிடுங்க. "வகுப்பில் கூப்பிடும் பெயர்", "ரெஜிஸ்டரில் உள்ள பெயர்" ரெண்டு கட்டம் போதும், ரெண்டாவது கட்டாயமில்லன்னு விட்டுடுங்க. வீடியோக்காரன் அவன் ஊருக்குப் போட்ட ஃபாரம் அது.

வரி முட்டுறதுக்கு: பர்மாப் பத்திக்கு லாங் ஆட்ரிப்யூட்ல எம்ஒய்னும், தமிழ்ப் பத்திக்கு டிஏன்னும் போடுங்க. அப்புறம் சிஎஸ்எஸ்ல எம்ஒய் பத்திக்கு மட்டும் லைன் ஹைட் 1.8 குடுங்க. மெய் மேல மெய் அடுக்கிக் கீழ இறங்குற எழுத்து அது, தமிழுக்கு வைக்கிற இடைவெளி பத்தாது. லாங் போட்டு வச்சா பேசிக் காட்டுற ஆப்பும் எந்த மொழியில படிக்கணும்னு தெரிஞ்சுக்கும்.

பெகு ராஜா எழுதியது:

சரி சரி, படம் வேண்டாம், ஒத்துக்கிறேன். ஆனா திருவிழா போட்டோ போடுவீங்கல்ல? அதுலயாவது நான் சொல்றதைக் கேளுங்க. கேமராவில இருந்து வந்ததை அப்படியே ஏத்தாதீங்க. ஒரு போட்டோ நாலஞ்சு எம்பி இருக்கும், பார்க்கிறவங்க எல்லாம் டேட்டா பேக்கேஜ்ல ஓட்டுறவங்க. அகலத்தை 1,200 பிக்சலுக்குக் குறைச்சு வெப்பி ஃபார்மேட்ல சேமிங்க, 200 கேபிக்குள்ள அடங்கும். ஸ்குவூஷ்னு கூகுளோட வெப் ஆப் ஒண்ணு இருக்கு, ஒரு தரம் திறந்துட்டா அப்புறம் நெட் இல்லாமலும் வேலை செய்யும். இமேஜ் டேக்ல லோடிங் லேசின்னு எழுதிட்டா, கீழ இருக்கிற படம் ஆள் அங்க இறங்கினாத்தான் வரும். மேலயே பார்த்துட்டுப் போறவங்களுக்குக் காசு மிச்சம்.

இன்னொண்ணு, கரண்ட் பத்திச் சொன்னீங்களே. எச்டிஎம்எல் ஃபைலை எழுதிப் பார்க்க நெட்டே வேண்டாம், டபுள் கிளிக் பண்ணா பிரவுசர்ல திறக்கும். தேவ்டாக்ஸ் தளத்துல எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூணையும் ஆஃப்லைனுக்கு இறக்கி வச்சுக்குங்க. கரண்ட் போனா போன்ல ஏகோட் ஆப்ல அதே ஃபைலைத் திறந்து எழுதலாம், நான் அப்படித்தான் பழகினேன். வீடியோ பார்க்கிறதைக் குறைச்சு இதைப் படிங்கக்கா, வீடியோவில பாதி நேரம் சப்ஸ்கிரைப் பண்ணுன்னுதான் சொல்றான்.

மௌல்மீன் ஜெராக்ஸ் எழுதியது:

ராஜா, இது உருப்படியான பேச்சு. ஏகோட் இறக்கிட்டேன். சின்னத் திரையில ஆங்கிள் பிராக்கெட் தேடுறதுதான் வேதனை.

கடைசியா ஒண்ணு. சென்னையில இருக்கிற சொந்தக்காரங்க பூஜையை லைவ்ல பார்ப்பாங்க. நேரத்தை அவங்க ஊர் நேரத்துல தானா மாத்திக் காட்ட ஜாவாஸ்கிரிப்ட்ல முடியும்ங்கிறாங்க. போடவா?

முகல் தெரு கம்பாசிட்டர் எழுதியது:

முடியும். நேரத்தோடு +06:30 என்று சேர்த்து எழுதினால், பார்க்கிறவர் போன் எந்த ஊர் நேரத்தில் இருக்கிறதோ அதற்கு மாற்றிக் காட்டும். ஊர்ப் பெயரால் எழுதுவதானால் ஏசியா, சாய்கோடு, யாங்கோன். ரங்கூன் என்ற பழைய பெயரும் இன்னும் செல்லும்.

ஆனால் என் யோசனை, இதற்கு ஜாவாஸ்கிரிப்ட் வேண்டாம். நமக்கும் சென்னைக்கும் சரியாக ஒரு மணி நேரம், நாம் முன்னால். இரண்டு ஊரிலும் கோடைக்கு நேரம் மாற்றும் வழக்கமும் இல்லை. "அபிஷேகம் காலை 6 மணி, சென்னையில் 5 மணி" என்று கையால் எழுதுங்கள். ஸ்கிரிப்ட் ஓடாத பழைய போனிலும் தெரியும், வாட்ஸப்பில் வரியை வெட்டி அனுப்பினாலும் கூடவே போகும். துபாயிலும் சிங்கப்பூரிலும் ஆள் சேர்ந்த பிறகு ஸ்கிரிப்ட் போட்டுக்கொள்ளலாம்.

மௌல்மீன் ஜெராக்ஸ் எழுதியது:

சிங்கப்பூர்ல என் நாத்தனார் இருக்காங்க ஐயா. அவங்களுக்கு 7.30ன்னு மூணாவதா ஒரு வரி போட்டுடுறேன்.